சிவனொளிபாதமலை: நீரிழிவுள்ள அம்மாவையும் பதினொரு வயது மகனையும் பாதுகாப்பாக அழைத்துச் செல்வது எப்படி?

கேள்வி: வவுனியா மகள்

அனைவருக்கும் வணக்கம். வரும் பெப்ரவரி மாதத்தில் அம்மாவைச் சிவனொளிபாதமலைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. திருமணமான அடுத்த ஆண்டில் அப்பாவும் அம்மாவும் அந்த மலைக்குப் புறப்பட்டு, நல்லதண்ணி வரை போன பிறகு அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டதால் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்களாம். "பிறகு ஒருமுறை கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று அப்பா சொன்னது நடக்கவேயில்லை. அவர் காலமாகி மூன்று ஆண்டுகளாகின்றன. இப்போது அம்மா வேறொன்றும் கேட்பதில்லை. இதை மட்டும் கேட்கிறார்.

அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. பகலில் மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறார். இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்டு. வலது முழங்காலில் படியேறும்போது வலி வரும்; ஆனால் தினமும் வீட்டுத் தோட்டத்தில் நின்று வேலை செய்கிறவர், சோர்ந்து உட்காருகிறவர் அல்ல. எங்களுடன் என் கணவர், அவருடைய தம்பி, பதினொரு வயது மகன் ஆகியோரும் வருகிறார்கள். ஐந்து பேரில் ஒருவரும் இதற்கு முன்னர் அந்த மலையில் ஏறியதில்லை.

கணவரின் திட்டம் இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வான் வண்டியில் புறப்பட்டு, நள்ளிரவில் நல்லதண்ணியை அடைந்து, உடனே ஏறத் தொடங்கி, உச்சியில் சூரிய உதயம் பார்த்து, முற்பகலில் இறங்கி, அன்றே வவுனியாவுக்குத் திரும்புவது. வானை ஓட்டப்போகிறவரும் அவரே. விடுமுறை எடுப்பது அவருக்குக் கடினம் என்பதால் இப்படித் திட்டமிட்டிருக்கிறார். என் மனம் இதற்கு ஒப்பவில்லை. ஆனால் எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல எனக்கு அனுபவமும் இல்லை. ஏறியவர்கள், அந்தப் பகுதியை அறிந்தவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். அம்மாவை அழைத்துச் செல்லவே கூடாது என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

பதில் 1: மஸ்கெலியாப் பிள்ளை

அக்கா, வணக்கம். நான் மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் நின்றால், வானம் தெளிந்த விடியற்காலையில் மலையின் கூர்முனை தெரியும். யாத்திரைப் பருவகாலத்து இரவுகளில் பாதை விளக்குகள் அடிவாரத்திலிருந்து உச்சி வரை நூலில் கோத்த மணிகளைப் போல எரிவதைப் பார்த்துக்கொண்டே உறங்கிய பிள்ளைகள் நாங்கள். ஒன்பது வயதில் அப்பாவோடு முதன்முதலாக ஏறினேன். இப்போது கொழும்பில் வேலை செய்தாலும் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையாவது ஏறிவிடுவேன். அந்த உரிமையோடு எழுதுகிறேன்.

அம்மாவை அழைத்துச் செல்லலாம். அவரைவிட மூத்தவர்கள் கோலூன்றி ஏறி இறங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆனால் அண்ணனின் திட்டத்தில் போகக் கூடாது. அந்தத் திட்டம் முழுவதும் சூரிய உதயத்தை மையமாக வைத்துப் போடப்பட்டிருக்கிறது. இந்த மலையில் நான் அறிந்த விபத்துகள் பெரும்பாலும் உதயத்துக்குப் பிறகு, களைத்த கால்களோடு இறங்கும்போதும், உறக்கமில்லாத சாரதியோடு வீடு திரும்பும்போதும்தான் நேர்கின்றன. ஆகவே இறங்குவதையும் வீடு திரும்புவதையும் முதலில் தீர்மானித்துவிட்டு, ஏறுவதை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாளைப் பற்றிச் சொல்கிறேன். பருவகாலம் மார்கழிப் போயாவில், அதாவது டிசெம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. பெப்ரவரி நல்ல தெரிவு. அந்த மாதத்தில் இங்கே மழை ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் வெள்ளி, சனி இரவுகளையும் போயா தினத்தையும் அதற்கு முந்திய இரவையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் நிறைந்த இரவில் உச்சிக்குக் கீழேயுள்ள கடைசிப் பகுதியில் வரிசை அப்படியே நின்றுவிடும்; ஒரு படி ஏறுவதற்குச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டி வரும். அதுவரை ஏறி வந்த உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும். நின்ற இடத்தில் காற்று அடித்ததும் அந்த ஈரச் சட்டை பனிக்கட்டியைப் போலாகிவிடும். நான் பதினாறு வயதில் ஒரு போயா இரவில் அப்படி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்று, பல் கிட்டி, பேச முடியாமல் போய், முன்பின் தெரியாத ஒரு சிங்கள அம்மா தம் சால்வையைக் கழற்றி என் மேல் போர்த்திவிட்டதால் தப்பினேன். இளம் வயதில் எனக்கே அந்த நிலை என்றால், நீரிழிவுள்ள ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வார நாளொன்றில், செவ்வாய் அல்லது புதன்கிழமை போவதானால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கிவிடும். விடுமுறை எடுப்பதானால் அண்ணன் இதற்காகவே எடுக்கட்டும்.

அடுத்தது பாதை. ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து ஏறுவதே உங்களுக்கு ஏற்றது. இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தல வழியாகவும் குருவிட்ட, எரத்ன வழியாகவும் பாதைகள் உண்டு. அவை நீளமானவை, காடு அடர்ந்தவை. மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியே 1,200 மீற்றருக்கு மேலே இருப்பதால், நீங்கள் காலால் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீற்றர். படிகள் 5,500 அளவில் இருக்கும் என்பார்கள். தொடக்கத்தில் தேயிலைக்கு நடுவே ஏறக்குறையச் சமதரையாகப் போகும் பாதை, ஜப்பானியத் துறவிகள் கட்டிய வெண்ணிற சமாதானத் தூபியைக் கடந்ததும் மெல்ல நிமிரத் தொடங்கும். சீதகங்குல என்னும் குளிர்ந்த ஓடையில் யாத்திரிகர்கள் முகம் கழுவிக்கொண்டு ஏறுவார்கள். அதற்கு மேலே படிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரைச்சாண். முதன்முறை ஏறுகிறவர்கள் ஊசியும் நூலும் கொண்டு வழிபடும் இந்திகட்டுபானவுக்குப் பிறகு சாய்வு மிகவும் செங்குத்தாகிறது. இறுதிப் பகுதியில் இரும்புக் கைப்பிடிக் கம்பிகள் இருக்கின்றன. விடியற்காலையில் அந்தக் கம்பி விரல்களை மரத்துப்போகச் செய்யும் அளவுக்குக் குளிரும். ஐந்து பேருக்கும் கையுறை எடுத்து வாருங்கள். அம்மா ஏறும்போது அவருக்குப் பின்னால் ஒரு படி கீழே ஒருவரும், இறங்கும்போது அவருக்கு முன்னால் ஒரு படி கீழே ஒருவரும் வர வேண்டும்.

நேரத்தைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது என்று அறிவேன். இருந்தாலும் சொல்கிறேன்: அம்மாவுக்காகப் போகிறீர்கள் என்றால் சூரிய உதயத்தை விட்டுவிடுங்கள். முதல் நாள் மதியமே நல்லதண்ணிக்கு வந்து, அங்குள்ள விடுதியொன்றில் தங்கி, இரவு நன்றாக உறங்கி, காலை உணவை உண்டு, ஐந்தரை மணியளவில் ஏறத் தொடங்குங்கள். இளைஞர்கள் மூன்று மணி நேரத்தில் ஏறுவார்கள். அம்மாவுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உதயம் பார்த்தவர்கள் எதிரே இறங்கி வருவார்கள் என்பதால் ஓரமாக ஏற வேண்டும். முற்பகலில் உச்சியில் நெரிசல் வடிந்திருக்கும். அம்மா அவசரமில்லாமல் அங்குள்ள புனிதப் பாதச் சுவட்டை வணங்கலாம். படி ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு. பிற்பகலில் மேகம் இறங்கக் கூடும் என்பதால் நண்பகல் 12 மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். அங்கே வந்து பேசினால் "இன்னும் கொஞ்சந்தானே" என்ற பேச்சு வந்துவிடும். அந்த இன்னும் கொஞ்சத்தை இருமடங்கு களைப்போடு இறங்கியாக வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வராது.

யாராவது ஒருவர் அம்மாவோடு எந்தப் படியிலிருந்தும் திரும்பத் தயாராக இருக்க வேண்டும். அது யார் என்பதைப் புறப்படுவதற்கு முன்னரே பேசிவிடுங்கள். மற்றவர்கள் தொடர்ந்து ஏறலாம் என்ற நிலை இருந்தால், "என்னால் எல்லோருடைய பயணமும் கெட்டது" என்று அம்மா வலியை மறைக்க மாட்டார்.

அட்டைக் கடிக்குப் பயப்பட வேண்டாம். பெப்ரவரியில் நல்லதண்ணிப் பக்கம் அவ்வளவாக இருக்காது. மழை பெய்தால் மட்டும் புல் ஓரமாக உட்காருவதைத் தவிருங்கள். 1344ஆம் ஆண்டில் இபின் பதூதா இந்த மலைக்கு வந்தபோது அட்டையைப் பற்றியும், மக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருந்து அதன் சாற்றைப் பிழிந்து அட்டையை விழச் செய்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எங்கள் பாட்டியும் அதையேதான் செய்தார். அந்த இபின் பதூதாவுக்கு வழித்துணையாக, ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகளையும், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பியவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. முன்பு ஏறிய ஒருவரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போவது அந்தக் காலத்திலேயே இருந்த வழக்கம். உங்கள் ஐவரில் அப்படி ஒருவரும் இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

பதில் 2: தாதிய உத்தியோகத்தர்

சகோதரி, நான் அரசாங்க வைத்தியசாலையொன்றின் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முந்தைய பதிலை எழுதிய தம்பி காலையில் ஏறச் சொன்னதை நான் வேறொரு காரணத்துக்காக முழுமையாக ஆதரிக்கிறேன். இரவு முழுவதும் ஏறுகிறவருடைய உணவு நேரம், மருந்து நேரம், உறக்கம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் குழம்பிவிடுகின்றன. காலையில் ஏறினால், அவர் வீட்டில் எந்த ஒழுங்கில் உண்டு மருந்து எடுக்கிறாரோ அதே ஒழுங்கை ஓரளவு காக்கலாம்.

அம்மாவுக்கு நீங்கள் அஞ்ச வேண்டியது சீனி கூடுவதற்கு அல்ல, குறைவதற்கு. பல மணி நேரம் படியேறும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொண்டே இருக்கும். மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி அளவுக்கு மீறிக் குறைவது அரிது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது நிகழக்கூடும். வியர்த்தல், கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். மலையேறுகிற எவருக்கும் வியர்க்கும், படபடக்கும் என்பதால் இந்த அறிகுறிகளை "களைப்பு" என்று எண்ணி விட்டுவிடுவார்கள். அட்டனலோல் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். ஆகவே அம்மா வழக்கத்துக்கு மாறாகப் பேசினாலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றாலும், உடனே உட்கார வைத்து, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு பிஸ்கட்டோ ரொட்டியோ கொடுக்க வேண்டும். சொக்லேட் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது.

பலரும் அறியாத ஒன்று: மலையிலிருந்து இறங்கிய அன்றிரவும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கடும் உடலுழைப்பின் விளைவு அடுத்த 24 மணி நேரம் வரைகூட நீடித்து, உறக்கத்தில் சீனி குறையலாம். அன்றைய இன்சுலின் அளவையும் மாத்திரை அளவையும் மாற்ற வேண்டுமா என்பதை அம்மாவின் வைத்தியரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அதே சந்திப்பில் இருதயப் பரிசோதனை பற்றியும் கண் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்ததுண்டா என்பதை அம்மாவிடம் தனியாக, ஆறுதலாகக் கேளுங்கள். பயணம் தடைபடும் என்று அஞ்சிப் பல தாய்மார் இதை வைத்தியரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்சுலினையும், இரத்தச் சீனியை அளக்கும் குளுக்கோமீற்றரையும் வெளிப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உட்பையில் வையுங்கள். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போனால் பல குளுக்கோமீற்றர்கள் சரியாக இயங்குவதில்லை. கால்களைப் பற்றியும் கவனமாக இருங்கள். நேர்த்திக்காக வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் உண்டு. அம்மா அப்படி ஆசைப்பட்டாலும் இணங்க வேண்டாம். நீண்டகால நீரிழிவில் பாதம் உணர்விழந்திருக்கலாம். கல் குத்தியதுகூடத் தெரியாது. ஏற்கெனவே பழகிய சப்பாத்தையே அணிய வேண்டும். புதிதாக வாங்கியதை அன்றைக்கு முதன்முதலாகப் போட்டால் கொப்புளம் வரும். உச்சியில் காலணியைக் கழற்றும்போது தடித்த, காய்ந்த காலுறை அணிவித்துவிடுங்கள். இறங்கியதும் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

முழங்காலுக்கு இப்போதிருந்தே பயிற்சி தொடங்க வேண்டும். தினமும் மாலையில் படிக்கட்டில் ஏறி இறங்கப் பழக்குங்கள். முதல் வாரம் 10 நிமிடம், பிறகு மெல்லக் கூட்டுங்கள். இறங்குவதையும் பழக்க வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குவதால்தான் கால் நடுங்குகிறது. ஆறு வாரம் பழகிய பிறகும் அரை மணி நேரப் படியேற்றத்தில் வலி தாங்க முடியவில்லை என்றால், அம்மா சீதகங்குல வரை போய் வருவதே போதுமானது என்பது என் கருத்து.

பதில் 3: கிளிநொச்சி ஆசிரியர்

காலையில் ஏறும் யோசனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 70 வயதான என் தாயாரை இரவு எட்டு மணிக்கு ஏற்றத் தொடங்கி, தேநீர்க் கடைதோறும் உட்கார வைத்து, ஐந்து மணிக்கு உச்சிக்குக் கொண்டு சேர்த்தோம். பகலில் ஏறுகிறவர்கள் பத்து மணிக்குப் பின்னர் வெயிலில் வாடுவதை இறங்கும்போது பார்த்தேன். மரநிழல் இல்லாத இடங்கள் பல இருக்கின்றன. குளிரில் மெதுவாக ஏறுவது முதியவர்களுக்கு எளிது. ஜனவரி, பெப்ரவரியில் உதயம் ஆறரை மணிக்குச் சற்று முன்னர் நிகழும். கிழக்கே சூரியன் எழும்போது மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மீது விழுந்ததை என் தாயார் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியை ஒரு முதியவரிடமிருந்து பறிக்க வேண்டாம்.

ஆயினும் தாதிய உத்தியோகத்தர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன்: என் தாயாருக்கு நீரிழிவு இல்லை. முதல் நாள் பகல் முழுவதும் அவரை விடுதியில் உறங்க வைத்திருந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மகனைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் களைப்புத் தெரியாது, முன்னால் ஓடிவிடுவான். நெரிசலில் கையை விட்டால் கண்டுபிடிப்பது சிரமம். அவனுடைய சட்டைப் பையில் இரண்டு கைபேசி எண்களை எழுதி வையுங்கள். ஊதுகுழல் ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடுங்கள். தவறிவிட்டால் முன்னேறாமல், கடைசியாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்த தேநீர்க் கடைக்கு இறங்கி வந்து அங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். தொலைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. குளிரில் மின்கலமும் விரைவாகத் தீர்ந்துவிடும். மேலே மணி ஒன்று உண்டு. எத்தனையாவது முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். அவனுக்கு அந்த ஓர் அடிக்காகவே பெரியவர்களோடு சேர்ந்து ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். என் மகனிடம் அது நன்றாகவே பலித்தது.

பதில் 4: மட்டக்களப்பான்

நீங்கள் பருவகாலத்தில் போவதால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பயணம் தள்ளிப்போனால் ஜூன், ஜூலையில் போய்விடலாம் என்று யாராவது சொல்லக் கூடும் என்பதால் எழுதுகிறேன். நாங்கள் நண்பர்கள் ஆறு பேர் ஒரு பயண ஏற்பாட்டாளரின் பேச்சை நம்பி ஜூலை மாதத்தில் இரத்தினபுரிப் பக்கமிருந்து ஏறினோம். "எந்த மாதத்திலும் ஏறலாம், கூட்டம் இல்லாததால் இன்னும் நல்லது" என்று அவர் சொல்லியிருந்தார். பருவகாலம் முடிந்ததும் பாதை விளக்குகள் அணைந்துவிடும், கடைகள் மூடப்பட்டுவிடும், உச்சியிலுள்ள சமன் என்னும் காவல் தெய்வத்தின் திருவுருவமும் பெல்மதுளை விகாரைக்கு இறக்கப்பட்டுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவமழை இந்த மலையின் மீதுதான் நேராக வந்து மோதுகிறது என்பதும் எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது மணி நேரத்தில் மழை பிடித்தது. படி ஓடையாகிவிட்டது. மேகத்துக்குள் டோர்ச் அடித்தால் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டதுபோலத் திரும்பி நம் கண்ணிலேயே விழும்; பாதம் வைக்கும் இடம் தெரியாது. எங்களில் ஒருவன் பாசி படிந்த கல்லில் வழுக்கி மணிக்கட்டு எலும்பு முறிந்தான். அவனுடைய கையை இரண்டு குச்சிகளுக்கு நடுவே சாரத்துணியால் கட்டி, நால்வர் மாறி மாறித் தாங்கி இறக்கினோம். கடைசி வீடு தெரியும்வரை ஏழு மணி நேரம் ஆயிற்று. அன்று என் காலுறையைக் கழற்றியபோது அது இரத்தத்தில் ஊறியிருந்தது. கணுக்காலைச் சுற்றி மட்டும் பதினான்கு அட்டைகளை எண்ணினேன். அட்டைக் கடியால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஆனால் உதவி கேட்க ஒரு மனிதரும் இல்லாத அந்த ஏழு மணி நேரத்தை இன்றும் நினைத்தால் கலங்குகிறேன்.

பருவகாலத்திலும் படிகளில் நோயாளர் காவு வண்டி ஏற முடியாது என்பதை மறவாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி அடிவாரத்துக்கு வரும். அதுவரை மனிதர்கள்தான் சுமந்து இறக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாட்களும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எச்சரிக்கை இருந்தால் முற்பணம் போனாலும் போகட்டும்.

வவுனியா மகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இவை அனைத்தையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்று நாள் விடுமுறைக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியம் நல்லதண்ணியை அடைந்து, புதன் காலையில் ஏறி, புதன் இரவும் அங்கேயே தங்கி, வியாழன் காலையில் திரும்புவது என்று முடிவாகியிருக்கிறது. அம்மாவோடு திரும்பி இறங்கப் போகிறவள் நான். கணவரின் தம்பி மகனோடு இருப்பார். அம்மாவை வரும் வாரம் வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறேன். நெஞ்சு இறுக்கத்தைப் பற்றித் தனியாகக் கேட்டேன். இல்லை என்றார், நம்பும்படியாகவே சொன்னார்.

மீதமிருப்பது ஒரு கேள்வி. அம்மாவால் உச்சிக்குப் போக முடியாவிட்டால், அவர் மனம் நிறையும்படி கும்பிடுவதற்கு வழியில் இடம் உண்டா? அப்பாவோடு வந்தபோது அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பியவர். இந்த முறையும் அப்படியே ஆகிவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மஸ்கெலியாப் பிள்ளை

உண்டு அக்கா. சமாதானத் தூபிக்கு அருகில் நின்றால், மேகம் இல்லாத காலையில் உச்சி நேர் எதிரே தெரியும். அங்கிருந்து இன்னும் மேலே போனால் சீதகங்குல. எங்கள் தோட்டத்தில் முழங்கால் முடியாமற்போன முதியவர்கள் அந்த ஓடையில் முகம் கழுவி, நெற்றிக்கு நீறு பூசி, மலையை நோக்கிக் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்புவார்கள்; அதை அவர்கள் மலைக்குப் போய் வந்ததாகவே கணக்கு வைப்பார்கள், வீட்டாரும் அப்படியே கொள்வார்கள். என் பாட்டியும் தம் கடைசி மூன்று ஆண்டுகள் அதையே செய்தார். இறங்கி வரும்போது எதிரே ஏறுகிறவர்கள் "கருணாவய்" என்று சொல்லி வாழ்த்துவார்கள்; எந்தப் படியிலிருந்து திரும்பியவர் என்று எவரும் கேட்பதில்லை.

புதன் இரவும் தங்குவது என்ற முடிவு எனக்கு மிகுந்த நிம்மதியைத் தருகிறது. அண்ணனிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கும்போது நீண்ட சரிவுகளும் வளைவுகளும் தொடர்ந்து வரும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார்கள். அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமற்போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சாரதிகளின் சொல். புறப்படுவதற்கு முன்னர் பிரேக்கையும் டயரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கும் ஆசனப் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மழைத்தூறலோடு மூடுபனி வந்தால் எங்கேயாவது ஒரு கடையோரம் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்.

பொலித்தீன் பைகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் இயன்றவரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கொண்டு போவதைக் கொண்டே இறங்குங்கள். அது சரணாலயக் காடு. அம்மாவுக்குக் கோல் வாங்கும்போது அவருடைய இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரத்தில் பார்த்து வாங்குங்கள். இறங்கும்போது நீளம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே நல்லது. வியர்வை நனைந்ததும் மாற்றிக்கொள்ள ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு காய்ந்த உள்சட்டை மறக்க வேண்டாம்.

என் தம்பி இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறான். நீங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை இங்கே ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கு மேலே மழையா, காற்றா, கூட்டம் எப்படி என்று அவனிடம் கேட்டு உடனே எழுதிவிடுகிறேன்.